பதினொரு நிமிடம் முந்திய வானம்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதிக் கஷ்டப்படாமல் யாரிடமாவது வாயால் சொல்லலாமே என்று என் மனைவி கேட்டாள். வாயால் சொல்ல எனக்கு வந்திருந்தால் இதில் பாதி நடந்தே இருக்காது.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து அதே தோட்டத்தில் வேலை செய்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டினேன். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் குட்டையாக வெட்டிவிடுகிற வேலை அது. நாள் முழுக்கக் குனிந்து வெட்ட வேண்டும். அதில் என் வலது தோள் போய்விட்டது. சட்டை போடுவதற்கே இடது கையின் உதவி வேண்டும். ஆனாலும் வேலையை விட முடியாது. நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டில் எங்களுக்கென்று உள்ள ஓர் அறை, தோட்டத்துடையது. தோட்டத்தில் வேலை செய்தால்தான் அதில் இருக்கலாம். வேறு ஊரில் எனக்கு யாரும் இல்லை. வேறு வேலையும் தெரியாது.

போன வருடம் தை மாதத்தில் ஒருநாள் பெரட்டில் நின்றேன். காலையில் எல்லோரையும் நிறுத்தி, பெயர் பார்த்து, வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்தான் பெரட்டு. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா என்னை முன்னால் வரச் சொன்னார்.

"டேய், நாளையிலருந்து ஒனக்கு மலை உச்சியில வேலை. கேம்பஸ்லருந்து வந்து கெமரா ஒன்னு வைக்கிறாங்க. நீ காவல் இருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன்.

"பேசுற வேலை இல்ல, பயப்படாத," என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ரெண்டு கெழமையில கெமரா பேசக் கத்துக்கிட்டாலும் கத்துக்கும், இவன் பேச மாட்டான்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போகும்போது அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒழுங்கா செஞ்சு குடு. தோள் சரியில்லன்னு எனக்கும் தெரியும். இது நல்லா முடிஞ்சா ஒன்ன வாச்சர் வேலையிலேயே வச்சிருவேன்."

வாச்சர் வேலை என்றால் காவல் வேலை. கத்தி பிடிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

கெமரா கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது வயது இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார் என்றார்கள். நான் 'மிஸ்' என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'அண்ணை' என்றார். ஓர் அதிகாரி என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மலை உச்சியில் ஒரு பழைய தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள பாறையில் முக்காலியை நிறுத்தி, மேற்கே பார்த்துக் கெமராவைப் பூட்டினார். பூட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"கடலுக்கு அங்கால, இந்தியாவின்ர தெற்குக் கரையில இருந்து ஒரு சின்ன ராக்கெட் விடுவினம் அண்ணை. அது மேல போய் ஒரு புகையை விட்டிட்டு விழுந்திடும்."

"புகையா மிஸ்?"

"புகை மாதிரி ஒரு ஆவி. நூறு கிலோமீற்றர் உயரத்தில. அங்கயும் காத்து அடிக்குது. ஆனா விமானம் அவ்வளவு மேல போகாது, பலூனும் போகாது. அந்தக் காத்து எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு வேகம் எண்டு பார்க்க வேற நல்ல வழி இல்லை. ஆவியைக் கோடு மாதிரி விட்டால் காத்து அதை இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் அதைப் படம் எடுக்கிறது."

இருட்டில் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார். நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்குமாம். அதனால் கீழே இருட்டி, மேலே வெளிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ராக்கெட் விட வேண்டும். ஒரு இடத்திலிருந்து மட்டும் பார்த்தால் ஆவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இங்கே ஒரு கெமரா, மன்னாரில் ஒன்று, இந்தியாவில் இரண்டு. நாலு இடத்திலும் ஒரே விநாடியில் எடுத்த படங்களைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

"நேரம்தான் முக்கியம் அண்ணை. கெமராவில இருக்கிற நேரம் பிசகினா எல்லாம் பிசகும். என்ர ரெண்டு வருச வேலை இது."

பட்டனை எப்படி அமுக்குவது, பேட்டரி தீர்ந்தால் எப்படி மாற்றுவது, மாற்றினால் திரையில் திகதியும் மணியும் கேட்கும், அதை எப்படிப் போடுவது என்று மூன்று தடவை செய்து காட்டினார். எனக்கு விளங்கியது. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும்.

ரெண்டு வாரத்தில் எந்த நாளும் விடலாம் என்றார்கள். ஆகவே தினமும் மாலை ஐந்திலிருந்து எட்டு மணிவரை நான் அந்தப் பாறையை விட்டு நகரக் கூடாது. அங்கே போனுக்குச் சிக்னலும் எல்லா இடத்திலும் வராது. பாறையின் ஒரு மூலையில், ரெண்டு கால் வைக்கிற இடத்தில் மட்டும்தான் வரும். முதல் நாள் அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கல்லால் ஒரு வட்டம் போட்டேன். பிறகு தினமும் மாலையில் அந்த வட்டத்துக்குள்தான் நின்றேன். காற்றடித்தாலும் அதற்குள்தான். மூடுபனி வந்து என் கையே எனக்குத் தெரியாமல் போனாலும் அதற்குள்தான்.

ஆறே முக்கால் வாக்கில் மிஸ் கூப்பிடுவார்.

"இண்டைக்கு இல்லை அண்ணை. மன்னாரில முகில்."

அடுத்த நாள், "இண்டைக்கும் இல்லை. அங்க கடலில மழையாம்."

ஒருநாள் எல்லா இடத்திலும் வானம் சுத்தமாக இருந்தது. எங்கள் மலையில்தான் மூடுபனி. "தெரியுதா அண்ணை?" என்று கேட்டார். "ஒன்னும் தெரியல மிஸ்," என்றேன். அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. நான்தான் பனியைக் கூப்பிட்டு வைத்திருந்தது மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது.

பகலிலும் காவல் இருக்க வேண்டும். மனைவி காலையில் கட்டித் தருகிற ரொட்டியோடு ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவேன். கெமராவின் பின்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. ஆறாம் நாள் பகலில் அதைப் போட்டுப் பார்த்தேன். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு பட்டனை அமுக்கினால் தூரத்தில் இருப்பது கிட்ட வந்தது. முக்காலியைத் தளர்த்தி எங்கள் லயத்தின் பக்கம் திருப்பினேன். இருபது காம்பராக்களும் அந்தத் திரைக்குள் அடங்கிவிட்டன. எங்கள் கதவு, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற சட்டை, தண்ணீர் பிடிக்கிற பீலி, கோயில், பெரட்டுக் களம், பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். நான் பிறந்ததிலிருந்து நடந்த எல்லா வழியும் அதற்குள் இருந்தது. திரையின் ஓரத்தில் இன்னும் இடம் மிச்சம். ஏன் என்று தெரியவில்லை, என்னால் அதை அணைக்க முடியவில்லை. மதியம் வரை பார்த்தேன். மதியத்துக்குப் பிறகும் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து திரை தானாக அணைந்தபோதுதான் பயம் வந்தது.

கெமராவை முன்பு இருந்த அடையாளத்துக்கே திருப்பி இறுக்கினேன். மற்ற பேட்டரியைப் போட்டேன். மிஸ் சொன்னது மாதிரியே திகதியும் மணியும் கேட்டது.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் லயத்தில் எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. எல்லாவற்றையும் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கால் மணி. பக்கத்து வீட்டில் அரை மணி. யாராவது மணி கேட்டால், "வீட்டு மணியா, ரேடியோ மணியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் சொல்வோம். இது எனக்குத் தெரியும். ஆகவே வீட்டுக் கடிகாரத்தை வைத்து நான் நேரத்தைக் கணிக்கவில்லை. என் பட்டன் போனில் இருந்த நேரத்தைப் பார்த்துப் போட்டேன். போன் எப்போதும் ரேடியோ மணிதான். அன்றைக்கு மிஸ் கூப்பிட்டபோது பேட்டரி மாற்றியதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் தீர்ந்தது என்று கேட்பார்.

பத்தாம் நாள் வானம் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. சூரியன் இறங்கி, கீழ்நாட்டுப் பக்கம் சிவந்து, பிறகு கறுத்தது. வட்டத்துக்குள் நின்றேன். போன் அடித்தது.

"அண்ணை, இண்டைக்கு விடினம். இப்ப ஆறு ஐம்பத்தெட்டு. ஏழு ரெண்டுக்குப் போகும். இப்பவே பட்டனை அமுக்குங்கோ. பிறகு அது தானாகப் படம் எடுக்கும்."

ஓடிப்போய் அமுக்கினேன். திரையில் மணி ஏழு ஒன்பது என்று இருந்தது.

முதலில் மிஸ்தான் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். என் போனைப் பார்த்தேன். அதிலும் ஏழு ஒன்பது.  திருத்தக் கை போனது. ஆனால் கெமரா பத்து விநாடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று படம் எடுக்கத் தொடங்கிவிட்டது. இனி அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது அது வந்தது. மேற்கே, மலை விளிம்புக்கு மேலே, கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. யாரோ சோக்கால் இழுத்தது மாதிரி நேராக இருந்தது. கொஞ்சம் நீலமும் கலந்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. என் முகத்தில் காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஆனால் அந்தக் கோட்டின் அடிப்பக்கம் மெதுவாக வடக்கே சாய்ந்தது. நடுப்பக்கம் அதற்கு எதிராகத் தெற்கே போனது. மேல்பக்கம் திரும்பவும் வேறு பக்கம். கொஞ்ச நேரத்தில் கோடு முறுக்கிப்போட்ட கயிறு மாதிரி ஆகிவிட்டது. பிறகு அகன்று, வெளுத்து, இல்லாமல் போனது. ஒரே இடத்துக்கு மேலே இத்தனை காற்று இத்தனை பக்கம் போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் பார்த்த சந்தோஷத்தோடு சேர்ந்தே, எடுத்த படம் எல்லாம் பிழை என்ற நினைப்பும் இருந்தது. 

வட்டத்துக்குத் திரும்பியதும் மிஸ் கூப்பிட்டார். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் உடைந்தது.

"தெரிஞ்சதா அண்ணை? மன்னாரில கடைசி நேரம் முகில் வந்து மூடிட்டுது. உங்கட மலைதான் இனி எங்களுக்கு. வடிவா வந்ததா?"

"வந்திச்சு மிஸ்," என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் போனைக் காட்டினேன். "இதுல மணி ஏன் முன்னால இருக்கு?"

"நான்தான் வச்சேன்."

"எப்ப?"

"பொங்கலுக்கு முந்தி. கடியாரத்தப் பாத்தா கால் மணி கழிச்சுக்கிறீங்க. போனப் பாத்துப் பாத்து அசைஞ்சு அசைஞ்சு போறீங்க. அதான் போனயும் தள்ளி வச்சேன்."

"எவ்வளவு தள்ளுன?"

"யாரு எண்ணுனா? கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சேன். ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

சொன்னேன். அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "இப்பவே அந்த மிஸ்ஸுக்குப் போன் போடுங்க," என்றாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். "நான் பேசட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்காக அவள் எத்தனையோ இடத்தில் பேசியிருக்கிறாள். இதையும் அவள் பேசினால் நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றியது.

கெமராவைக் கழற்ற மிஸ் மூன்று நாள் கழித்துத்தான் வருவதாக இருந்தது. அந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. சொன்னால் வாச்சர் வேலை போகும். கண்டாக்கு ஐயா நாலு பேர் முன்னால் கேட்பார். பேட்டரி ஏன் தீர்ந்தது என்பதும் வெளியே வரும். லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் ரெண்டு வருடம். மலையில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்ப்பேன். ஆளில்லாத இடத்திலேயே பாதியில் நின்றுவிடும். மூன்றாம் நாள் காலையில் ஒரு யோசனை வந்தது. கெமராவின் மணியை இப்போதே சரியாக மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? திரையைப் போட்டேன். விரல் பட்டனில் இருந்தது. ஒரு தடவை படத்தைப் பார்ப்போம் என்று பார்த்தேன். படத்தின் மூலையில் பிழையான மணி அப்படியே இருந்தது. அதை என்னால் மாற்ற முடியாது. விரலை எடுத்துவிட்டேன். அந்த மணியை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மத்தியானம் மிஸ் வந்தார். கூடவே கண்டாக்கு ஐயாவும் ஏறி வந்தார்.

"பாத்தீங்களா மிஸ், நான் குடுத்த ஆளு! ரெண்டு கெழமையா ஒரு குறை உண்டா?"

"அண்ணை இல்லாட்டி இந்த வேலையே இல்லை," என்று மிஸ் சிரித்தார். கெமராவைக் கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அடியில் இருந்த மூடியைத் திறந்தார். பேட்டரியில் நகம் பட்டது. பேட்டரி வெளியே வந்தால் அந்தக் கெமரா மணியை மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆறாம் நாள் என் கையிலேயே மறந்தது. மறந்துவிட்டால் எவ்வளவு பிழை என்று பிறகு யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"மிஸ், பேட்டரியக் கழட்டாதீங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அட!" என்றார் கண்டாக்கு ஐயா. "இவனுக்கு வாய் இருக்கா!"

மிஸ் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "ஏன் அண்ணை?"

"அதுல மணி பிழை மிஸ். நான்தான் வச்சேன். போன் மணி. போனும் பிழை. பெரட்டுக்காகத் தள்ளி வச்சது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். வியர்த்தது. பேட்டரி ஏன் தீர்ந்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். கண்டாக்கு ஐயாவின் முகம் கறுத்தது.

"லயத்தப் பாத்துக்கிட்டு இருந்தியா? தினம் பாக்குற லயம் பத்தாதா ஒனக்கு? ஏன்டா என் மானத்த வாங்குற?"

மிஸ் அவரைப் பார்க்கவே இல்லை. மூடியை மெதுவாக, சத்தம் வராமல் மூடினார். கெமராவைப் போட்டார். தன் போனை அதன் பக்கத்தில் வைத்து, ரெண்டு மணியும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி தான் கொண்டுவந்த இன்னொரு போனைக் கொடுத்து என்னிடம் படம் பிடிக்கச் சொன்னார்.  ஐந்து நிமிடம் அப்படியே பிடித்தேன். பிறகு அவர் தாளில் எழுதினார்.

"பதினொரு நிமிசம் நாற்பத்திரண்டு செக்கன்," என்றார். பாறையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படத்தில விழுந்த வெள்ளியளை, நட்சத்திரங்களை வச்சு நிமிசம் பிடிச்சிருப்பம் அண்ணை. செக்கன் பிடிச்சிருக்கேலாது. இதைக் கழட்டியிருந்தா போச்சு. நீங்கள் மணியைத் திருத்தி வச்சிருந்தாலும் போச்சு."

 காலையில் பட்டனில் இருந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

நடந்ததை ரெண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். 'கெமரா மணி முந்தி இருந்தது. அது நான் வைத்தது' என்று எழுதிக் கொடுத்தேன். அது போதும் என்றார்.

அடுத்த நாள் பெரட்டில் என் பெயர் கவ்வாத்துக்கு விழுந்தது. கண்டாக்கு ஐயா என்னைப் பார்க்காமல் வாசித்தார். மிஸ் எனக்காக அவரிடம் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாலு மாதம் கழித்து மிஸ் என் மனைவியின் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். நான் பார்த்த அந்த முறுக்குக் கோடு, உயரம் உயரமாக அம்புக்குறி போட்டு வைத்திருந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டதாம். மனைவி அதை லயத்தில் எல்லோருக்கும் காட்டினாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா இப்ப வாச்சர்," என்றாள். சிறிது நேரம் கழித்து, "தைலம் எங்க வச்சீங்க?" என்று கேட்டு என் தோளைத் தேய்த்துவிட்டாள்.

இந்த வருடமும் வந்திருக்கிறார்கள். மிஸ் என்னைத்தான் கேட்டாராம். கவ்வாத்துக்கு ஆள் போதாது என்று சொல்லி வேறு ஒருவரைக் கொடுத்துவிட்டார்கள். அவர் கடைசி லயத்தில் இருக்கிறவர். எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. போன வாரம் வேலை முடிந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தட்டுவதற்கு முன் ரெண்டு தடவை அந்த வழியாக நடந்தேன்.

"என்னாண்ணே, அதிசயமா இருக்கு?" என்றார்.

"ஒன் போனக் கொஞ்சம் காட்டு தம்பி."

அவருடைய போனில் ஏழு நிமிடம் முந்தி இருந்தது. அவருக்கே தெரியாது. உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தாள். உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன என் மனைவியின் போனில் இருந்த ரேடியோ மணியைப் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று மாலை ராக்கெட் போனது என்று அவர் வந்து சொன்னார். நன்றாக வந்ததாம். நான் அந்த நேரத்தில் எங்கள் வாசலில்தான் நின்றேன். எங்கள் லயத்துக்கு மேற்கே மலை. அதற்கு மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு தாழ்வாக வருவது இங்கிருந்து தெரியாது. எனக்கு மலைதான் தெரிந்தது.

மாசி மாதம், இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.